பூனையின் சாப்பாடும் சிறுநீர்த் தொல்லையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூனை வளர்ப்பவர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு, பூனை கழிக்கிற மணல் தட்டில் வந்து நிற்கும். எத்தனை தடவை போனது, சிறுநீர் பட்டு மணலில் சேர்ந்த கட்டி எவ்வளவு பெரிதாக இருந்தது, தட்டுக்கு வெளியே எங்கேயாவது போய்விட்டதா. கேட்கிற வெளியாளுக்குச் சிரிப்பு வரும். ஆனால் பூனைக்கு உடம்பு சரியில்லை என்பதை அந்தத் தட்டு சொல்வதுபோல வேறு எதுவும் சொல்வதில்லை. நான் மருத்துவர் அல்ல, பல வருடங்களாகப் பூனைகளோடு இருக்கிற ஆள். சாப்பாடு, தண்ணீர், சிறுநீர் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். முதல் கேள்வி அவசரமானது. உங்கள் பூனை இப்போது அந்த நிலையில் இருந்தால் மிச்சத்தை அப்புறம் படிக்கலாம், முதலில் கிளம்புங்கள்.

எங்கள் கடுவன் காலையிலிருந்து தட்டில் போய் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருக்கிறான். மலச்சிக்கலா?

இருக்கலாம். ஆனால் அப்படி நினைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். கடுவன் பூனை தட்டில் உட்கார்ந்து முக்கி, ஒன்றும் வரவில்லை அல்லது சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்றால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அதைச் சிறுநீர் அடைப்பு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கடுவனுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் நீளமானது, நுனியில் மிகவும் குறுகலானது. மணல் போன்ற படிகங்களும் சளியும் சேர்ந்த சிறு கட்டியோ, கடுகளவு கல்லோ, வெறும் வீக்கமும் இறுக்கமுமோ அதை மூடப் போதும்.

மூடிவிட்டால் சிறுநீர்ப்பை வீங்கும், சிறுநீரகத்தால் கழிவை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். ஒன்றிரண்டு நாளில் உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

எங்கள் வீட்டு ஆரஞ்சுக் கடுவனுக்கு இது நடந்தபோது நானும் மலச்சிக்கல் என்றுதான் நினைத்தேன். தட்டுக்குப் போவான், குந்துவான், ஒரு மாதிரி அடித்தொண்டையில் கத்துவான், இறங்கிவந்து பின்பக்கத்தை நக்குவான், ஐந்து நிமிடத்தில் மறுபடி போவான். கடைசியில் குளியலறைத் தரையிலேயே போய் உட்கார்ந்துவிட்டான். ஒரு மருத்துவமனைக்குப் போன் செய்தேன். "மலச்சிக்கலாகத்தான் இருக்கும், நாளைக்குக் கொண்டு வாருங்கள்" என்றார்கள். இரவு வாந்தி எடுத்தான். தூக்கினால் அடிவயிற்றில் பந்து மாதிரிக் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. அதற்கு மேல் காத்திருக்காமல் வேறு இடத்துக்குக் கொண்டு ஓடினோம். மயக்கம் கொடுத்து, குழாய் போட்டு அடைப்பை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டான். இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் தெரியாது என்றார் அந்த மருத்துவர்.

வயிற்றை அழுத்திப் பார்க்காதீர்கள், உப்பிய சிறுநீர்ப்பை கிழிந்துவிடும். போனில் பேசும்போது "முக்குகிறான்" என்று மட்டும் சொல்லாமல், "கடுவன், இத்தனை மணி நேரமாகச் சிறுநீர் வரவில்லை" என்று சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவருக்கு உடனே புரியும்.

பெட்டைப் பூனைக்கு இது வராதா?

முழு அடைப்பு மிக அரிது, அதன் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். கல்லும் சிறுநீர்ப்பை வீக்கமும் அதற்கும் தாராளமாக வரும். ரத்தம் கலந்த சிறுநீர், அடிக்கடி போவது, தட்டை விட்டு வெளியே போவது ஆகியவற்றில் எதைப் பார்த்தாலும் ஓரிரு நாளுக்குள் காட்டிவிடுங்கள்.

நாய்க்கு இல்லாத இந்தத் தொல்லை பூனைக்கு மட்டும் ஏன்?

நாய்க்கும் கல் வரும். ஆனால் பூனையின் உடம்பு அமைந்திருக்கிற விதமே வேறு. வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை, வறண்ட நிலத்து விலங்கு. தண்ணீர் தேடி அலையாமல், பிடித்த இரையின் உடம்பிலிருக்கும் நீரைக் கொண்டே காலம் தள்ளிய இனம். ஒரு எலியின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். எலியைத் தின்றால் சாப்பாடும் ஆச்சு, தண்ணீரும் ஆச்சு.

அந்த வாழ்க்கைக்கு ஏற்ப, பூனையின் சிறுநீரகம் நீரை வெளியே விடாமல் பிடித்து வைத்து, மிகவும் அடர்ந்த சிறுநீரைத் தயாரிக்கும். தாக உணர்வும் மந்தம். உடம்பில் நீர் குறைந்தால் நாய் உடனே கிண்ணத்தைத் தேடும், பூனை நிதானமாகத்தான் ஈடுகட்டும். பாலைவனத்தில் இது வரம். கிண்ணத்தில் காய்ந்த உருண்டைகளைப் போட்டு வீட்டுக்குள் வைத்திருக்கும்போது அதுவே வினையாகிவிடுகிறது. சிறுநீர் அடர்த்தியாக இருந்தால் அதில் கரைந்துள்ள தாதுக்கள் படிகமாக மாறும் வாய்ப்பு அதிகம். சர்க்கரைப் பாகு வற்ற வற்ற ஓரத்தில் கற்கண்டு கட்டுவதுபோல.

அப்படியானால் ட்ரை ஃபுட்தான் குற்றவாளியா?

குற்றவாளி என்று முத்திரை குத்த மாட்டேன். காலம் முழுக்க ட்ரை ஃபுட் மட்டுமே தின்று, ஒரு நாளும் சிறுநீர்த் தொல்லை வராமல் பதினெட்டு வயது வரை இருந்த பூனைகளும் உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள்.

4 கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு எல்லா வழியிலும் சேர்த்து ஏறத்தாழ 200 மில்லி தண்ணீர் வேண்டும். ட்ரை ஃபுட்டில் ஈரம் 10 சதவீதத்துக்குள்தான். நாளுக்கு 60 கிராம் தின்றால் அதிலிருந்து கிடைப்பது 6 மில்லி, ஒரு தேக்கரண்டியை விடச் சற்று அதிகம். மிச்சத்தை அது கிண்ணத்திலிருந்து நக்கி நக்கிக் குடிக்க வேண்டும். டின்னிலும் பையிலும் வருகிற ஈர உணவில் 75 முதல் 80 சதவீதம் தண்ணீர். அதே பூனை அதை 230, 240 கிராம் தின்றால் ஏறத்தாழ 180 மில்லி சாப்பாட்டோடேயே உள்ளே போய்விடுகிறது. ட்ரை ஃபுட் தின்னும் பூனை கிண்ணத்தில் அதிகம் குடிக்கும், உண்மைதான். ஆனாலும் மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் ஈர உணவு தின்னும் பூனையின் அளவை எட்டுவதில்லை.

என்னைக் கேட்டால், சிறுநீர்த் தொல்லை ஒரு தடவை வந்த பூனைக்கு எந்த பிராண்ட், எந்தச் சுவை என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். சாப்பாட்டில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. இதுவரை எந்தத் தொல்லையும் வராத பூனைக்கு, ஒரு வேளையாவது ஈர உணவு கொடுத்துப் பழக்கி வைப்பது நல்லது. பின்னால் மாற்ற வேண்டி வந்தால் சண்டை இருக்காது.

என் பூனை ஈர உணவை முகர்ந்து பார்த்துவிட்டு மூடி மறைப்பதுபோலத் தரையைச் சுரண்டிவிட்டுப் போகிறது. எப்படி மாற்றுவது?

அந்தச் சுரண்டலைப் பார்க்கும்போது வருகிற அவமானம் எனக்கும் தெரியும். பல வருடம் மொறுமொறுவென்று தின்ற பூனைக்கு இந்தக் குழகுழப்பு சாப்பாடாகவே தெரியாது. வாரக் கணக்கில் நேரம் ஒதுக்குங்கள். சில பூனைகளுக்கு மாதங்கள் ஆகும்.

முதலில், எந்நேரமும் கிண்ணத்தில் உணவு கிடப்பதை நிறுத்துங்கள். வேளைக்கு வேளை வைத்து, அரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். பசி வந்தால்தான் புதியதைத் தொடும். நேரம் பிடிபட்டதும், வழக்கமான உணவுக்குப் பக்கத்தில் ஒரு சிட்டிகை ஈர உணவு வையுங்கள். தின்ன வேண்டாம், வாசனை பழகினால் போதும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே வைக்காதீர்கள். பூனைக்குப் பிடித்த சூடு, அப்போதுதான் பிடித்த இரையின் சூடு. கையில் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கொஞ்சம் வெந்நீர் கலந்து பிசைந்தால் சூடும் வரும், வாசனையும் கிளம்பும், தண்ணீரும் கூடும்.

எங்கள் வீட்டில் பலித்தது இது: ட்ரை ஃபுட்டை நாலைந்து உருண்டை நுணுக்கிப் பொடியாக்கி ஈர உணவின் மேல் தூவினேன். முதல் நாள் பொடியை மட்டும் நக்கினான். நான்காம் நாள் பொடியோடு கொஞ்சம் அடியில் இருந்ததும் போயிருந்தது. மூன்றாம் வாரம் பொடி இல்லாமலே தின்றான். மசிய அரைத்த பேட், குழம்பில் துண்டு, நார்நாராகக் கிழித்தது என்று ஈர உணவிலேயே பல பக்குவம் உண்டு. ஒன்றை மறுத்தால் இன்னொன்றை வைத்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம். "பசித்தால் தானே தின்னும்" என்று பட்டினி போடுவது. பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்க் குவிந்து அது செயலிழக்கும் நிலை வரலாம். குண்டுப் பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை என்றால் பழைய உணவைக் கொடுத்துவிட்டு மறுபடி மெதுவாக ஆரம்பியுங்கள்.

தண்ணீர் அதிகம் குடிக்க வைக்க வழி உண்டா?

உண்டு, ஆனால் பூனைக்குப் பூனை மாறும். சாப்பாட்டுக் கிண்ணத்தை ஒட்டி வைத்த தண்ணீரைப் பல பூனைகள் தொடுவதில்லை. மணல் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் கேட்கவே வேண்டாம். வீட்டில் மூன்று நான்கு இடங்களில், பூனை நடந்து போகும் வழியிலேயே, அகலமான கிண்ணங்களை விளிம்பு வரை நிரப்பி வையுங்கள். மீசை விளிம்பில் இடிக்காத அகலம் நல்லது. தினமும் கழுவி மாற்றுங்கள். மின்சார ஃபவுண்டனைச் சில பூனைகள் மணிக்கணக்கில் ரசிக்கும், சில பூனைகள் அதைப் பார்த்து ஓடும். வாங்கினால் கட்டாயம் அதிகம் குடிக்கும் என்று சொல்ல முடியாது. கோழி வேகவைத்த நீரை ஆறவைத்துக் கொஞ்சம் கலந்து கொடுக்கலாம். அதில் உப்பு கூடாது. வெங்காயமும் பூண்டும் அறவே கூடாது, அவை பூனையின் ரத்த அணுக்களை அழிக்கும்.

இவை எல்லாவற்றையும் விடப் பலன் தருவது, ஏற்கெனவே சொன்னதுதான்: சாப்பாட்டிலேயே தண்ணீரைக் கலந்துவிடுவது. ஈர உணவிலும் ஒன்றிரண்டு மேசைக்கரண்டி கலக்கலாம்.

பால் கொடுத்தால் நீர்ச்சத்துதானே?

வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காது. பேதியாகி உள்ளே போனதை விட அதிக நீர் வெளியே போய்விடும். வேண்டாம்.

கல் என்கிறார்கள், படிகம் என்கிறார்கள், ஸ்ட்ரூவைட், ஆக்சலேட் என்கிறார்கள். என்ன வித்தியாசம்?

படிகம் என்பது நுண்ணோக்கியில் தெரியும் துகள். கல் என்பது கண்ணுக்குத் தெரியும் கட்டி. படிகம் இருக்கிற பூனைக்கெல்லாம் கல் வருவதில்லை. நல்ல ஆரோக்கியமான பூனையின் அடர்த்தியான சிறுநீரிலும் படிகம் தெரியும். இன்னொன்று, சிறுநீரைப் பிடித்து மணிக்கணக்கில் வைத்திருந்தாலோ, ஃபிரிட்ஜில் வைத்தாலோ, பாட்டிலுக்குள்ளேயே படிகம் உண்டாகிவிடும். வீட்டிலிருந்து கொண்டுபோன மாதிரியில் "படிகம் நிறைய" என்று அறிக்கை வந்தால், அப்போதே எடுத்த புதிய சிறுநீரில் ஒரு தடவை பார்க்கச் சொல்வதில் தவறில்லை.

கற்களில் இரண்டு வகைதான் பெரும்பகுதி. ஸ்ட்ரூவைட் என்பது மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்தது. சிறுநீர் காரத் தன்மையோடு இருந்தால் உருவாகும், அமிலத் தன்மைக்கு மாறினால் கரையும். நாய்க்கு இது பெரும்பாலும் கிருமித் தொற்றால் வரும், பூனைக்குத் தொற்றே இல்லாமல் வரும். இன்னொன்று கால்சியம் ஆக்சலேட். இது எந்த உணவாலும் கரையாது. அறுவை சிகிச்சையிலோ வேறு முறையிலோ எடுத்தாக வேண்டும், எடுத்த பிறகு மீண்டும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக்சலேட் கல் வந்த பூனைகளில் சிலவற்றுக்கு ரத்தத்தில் கால்சியம் கூடியிருக்கும், அதனால் ரத்தப் பரிசோதனையும் தேவை.

இதில் ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1981-இலிருந்து விலங்குகளின் சிறுநீர்க் கற்களைச் சேகரித்து ஆராய்ந்து வருகிறார்கள். தொடக்கத்தில் பூனைகளிடமிருந்து வந்தவற்றில் மிகப் பெரும்பான்மை ஸ்ட்ரூவைட். உணவில் மக்னீசியம் கூடுதல் என்று கண்டு, 1980-களில் கம்பெனிகள் அதைக் குறைத்து, சிறுநீரை அமிலமாக்கும்படி தயாரிப்பையும் மாற்றின. ஸ்ட்ரூவைட் குறைந்தது. ஆனால் 1990-களின் நடுவில் ஆக்சலேட் அதை முந்திவிட்டது. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் உப்புகிற கதைதான். தாதுவையும் அமிலத்தையும் திருகித் திருகிப் பார்த்து ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று தலை தூக்குகிறது. தண்ணீர் மட்டும்தான் இரண்டுக்கும் எதிராக வேலை செய்கிறது. சாப்பாட்டில் ஈரத்துக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால் இதுதான் காரணம்.

மருத்துவர் கல் கரைக்கும் உணவு எழுதிக் கொடுத்திருக்கிறார். உண்மையிலேயே கரையுமா? அறுவை சிகிச்சை செய்துவிட்டால் என்ன?

ஸ்ட்ரூவைட் என்றால் கரையும். பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் எக்ஸ்ரேயில் கல் சிறுத்திருப்பது தெரியும், சில பூனைகளில் அதற்குள் காணாமலே போய்விடும். அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவ நிபுணர்களின் அமைப்பு 2016-இல் வெளியிட்ட பரிந்துரையும், ஸ்ட்ரூவைட் என்று தோன்றினால் கத்தியை எடுக்கும் முன் உணவால் கரைத்துப் பாருங்கள் என்றுதான் சொல்கிறது. சில வாரம் கொடுத்தும் அளவு மாறவில்லை என்றால் அது ஆக்சலேட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரேயில் இரண்டும் வெள்ளையாகத்தான் தெரியும், பார்த்த மாத்திரத்தில் உறுதியாகப் பிரித்துச் சொல்வது கடினம்.

ஆனால் ஒரு நிபந்தனை. அந்த உணவை மட்டும்தான் கொடுக்க வேண்டும். பாதி அது, பாதி பழையது, நடுவில் ட்ரீட் என்றால் பணமும் போய்விடும், கல்லும் இருக்கும். வீட்டில் யாரோ ஒருவர் மேசைக்கு அடியில் ரகசியமாக ஊட்டிக்கொண்டிருப்பார், அவரை முதலில் பிடியுங்கள். எவ்வளவு நாள் தொடர வேண்டும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கரைக்கிற உணவு வேறு, கரைந்த பிறகு ஆயுள் முழுக்கக் கொடுக்கிற தடுப்பு உணவு வேறு. இவற்றில் சிலவற்றில் பூனை அதிகம் குடிக்கட்டும் என்று உப்பு கூட்டியிருப்பார்கள். உங்கள் பூனைக்குச் சிறுநீரகமோ இதயமோ பலவீனமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குட்டிகளுக்கும் சினைப் பூனைக்கும் இது ஏற்றதல்ல.

கடையில் "யூரினரி" என்று போட்ட பாக்கெட் கிடைக்கிறதே, அது போதாதா?

நோய் வராத பூனைக்குப் பாதகமில்லை. கல் இருப்பது தெரிந்த பூனைக்கு மருத்துவர் எழுதித் தரும் உணவுக்கு இது மாற்று ஆகாது. அட்டையில் உள்ள ஒரு சொல்லை விட, பின்பக்கம் ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள்.

எல்லாப் பரிசோதனையும் எடுத்தாயிற்று. கல்லும் இல்லை, கிருமியும் இல்லை. ஆனால் ரத்தமாகப் போகிறது. என்ன இது?

நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் இதுதான் மிகச் சாதாரணமாக நடப்பது. பத்து வயதுக்குக் குறைந்த பூனைகளில் சிறுநீர்த் தொல்லையோடு வருபவற்றில் பாதிக்கு மேல் இப்படித்தான். காரணம் புலப்படாத சிறுநீர்ப்பை அழற்சி என்று இதற்குப் பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக எஃப்ஐசி என்பார்கள். சிறுநீர்ப்பையின் உள்சுவர் பலவீனமாகி, நரம்புகள் கொதித்துப்போய், வலியும் ரத்தமும் வரும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். அதனால்தான் அந்த வாரத்தில் எதைக் கொடுத்தாலும் அதுதான் குணப்படுத்தியது என்று எல்லாரும் சத்தியம் செய்வார்கள். அப்புறம் சில மாதம் கழித்துத் திரும்ப வரும். கடுவனுக்கு இதிலிருந்தே அடைப்பும் ஏற்படலாம்.

இதன் பின்னால் மன அழுத்தம் இருக்கிறது என்பதை அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவர் டோனி பஃபிங்டன் குழுவினர் பல வருடம் ஆராய்ந்தார்கள். அவர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்று என் நினைவில் நின்றுவிட்டது. இந்த நோய் உள்ள பூனைகளையும் ஆரோக்கியமான பூனைகளையும் ஒரே இடத்தில் வைத்துக் கவனித்தார்கள். பராமரிப்பவர் மாறுவது, வேளை தவறுவது போன்ற குழப்பம் வந்த வாரங்களில் நோயாளிப் பூனைகள் மட்டுமல்ல, நன்றாக இருந்த பூனைகளும் வாந்தி எடுத்தன, சாப்பிட மறுத்தன, தட்டுக்கு வெளியே போயின. பூனைக்கு வழக்கம் என்பது அவ்வளவு பெரிய விஷயம்.

ஆகவே இங்கே சாப்பாட்டை மாற்றுவதோடு வேலை முடியாது. ஈர உணவு இதற்கும் உதவும், திரும்ப வருவதைக் குறைக்கும். அதோடு வீட்டைப் பூனையின் கண்ணால் பாருங்கள். ஏறி உட்கார உயரமான இடம், யாரும் தொந்தரவு செய்யாத ஒளிவிடம், தினமும் ஒரே நேரத்தில் சாப்பாடு, நாளுக்கு இரண்டு தடவையாவது கயிற்றையோ இறகையோ இழுத்து வேட்டை விளையாட்டு. மணல் தட்டு பூனைகளின் எண்ணிக்கையை விட ஒன்று கூடுதலாக இருக்கட்டும். வாசனை போடாத மணல், பெரிய தட்டு, தினமும் அள்ளுதல். ஜன்னலுக்கு வெளியே வந்து முறைக்கிற அந்நியப் பூனை ஒன்று போதும் உள்ளே இருப்பதன் நிம்மதியைக் கெடுக்க. அந்த ஜன்னலின் கீழ்ப்பகுதியை மறைத்ததும் நின்றுபோன தொல்லையை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

வலி கடுமையாக இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். வலி மருந்து மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். வீட்டிலிருக்கும் பாரசிட்டமால் ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். இபுப்ரோஃபெனும் அப்படியே.

ஆன்டிபயாடிக் ஒரு கோர்ஸ் கொடுத்துப் பார்க்கலாமா?

இளம் பூனைகளில் கிருமித் தொற்று மிகக் குறைவு. ஊசியால் சிறுநீர்ப்பையிலிருந்து நேரே எடுத்த மாதிரியை, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பி, கிருமி இருப்பது உறுதியானால் கொடுப்பதுதான் முறை. வயதான பூனை, சர்க்கரை நோய் உள்ள பூனை, சிறுநீரகக் கோளாறு உள்ள பூனை என்றால் கதை வேறு, அவற்றுக்குத் தொற்று அதிகம் வரும்.

கிரான்பெரி, எலுமிச்சைச் சாறு, வினிகர்?

கிரான்பெரி பூனைக்கு உதவும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. தொற்றே இல்லாத நோய்க்குத் தொற்றைத் தடுப்பதாகச் சொல்லும் பொருள் எதற்கு? எலுமிச்சையும் வினிகரும் கலந்தால் பூனை அந்தக் கிண்ணத்தையே தொடாது, குடிக்கிற கொஞ்சத் தண்ணீரும் நின்றுபோகும். சிறுநீரை அமிலமாக்கும் மாத்திரையை, ஏற்கெனவே அமிலமாக்கும் உணவு தின்னும் பூனைக்குச் சேர்த்துக் கொடுத்தால் ரத்தமே அமிலமாகிவிடும். ஆக்சலேட் கல்லுக்கும் அது வழி செய்யும். வைட்டமின் சி கொடுப்பதும் அப்படித்தான், உடம்பில் அதன் ஒரு பகுதி ஆக்சலேட்டாக மாறும்.

பாக்கெட்டே வேண்டாம், வீட்டில் கோழி வேகவைத்துக் கொடுக்கிறோம். நல்லதுதானே?

ஈரம் என்ற அளவில் நல்லது. ஆனால் எலும்பில்லாத இறைச்சி மட்டும் என்றால் கால்சியம் பற்றாது, பாஸ்பரஸ் மிகும். டாரின் என்ற சத்து குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும், வேகவைத்த நீரைக் கொட்டினால் அதுவும் சேர்ந்து போய்விடும். மீனை மட்டுமே கொடுப்பதும் சரியான உணவு ஆகாது. வீட்டுச் சமையல்தான் என்று முடிவு செய்தால், கால்நடை ஊட்டச்சத்து தெரிந்தவர் போட்டுக் கொடுத்த அளவுப்படி செய்யுங்கள். நடுநடுவே ஒரு வாய் கொடுப்பதற்கு இந்தக் கவலை வேண்டாம்.

கருத்தடை செய்ததால்தான் அடைப்பு வந்தது என்கிறார்கள்.

சின்ன வயதில் செய்தால் குழாய் சிறுத்துப்போகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அளந்து பார்த்த ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. கருத்தடைக்குப் பிறகு பசி கூடி, நடமாட்டம் குறைந்து, எடை ஏறுவதுதான் பிரச்சினை. குண்டுப் பூனைக்குச் சிறுநீர்த் தொல்லை அதிகம். அளந்து போடுங்கள்.

மூன்று பூனைகள் இருக்கின்றன, ஒன்றுக்கு மட்டும் சிறப்பு உணவு. எப்படிச் சமாளிப்பது?

வேளைக்கு வேளை, தனித்தனி அறையில், கதவைச் சாத்தி. வேறு சுலப வழி எனக்குத் தெரியவில்லை. உடம்பிலுள்ள மைக்ரோசிப்பைப் படித்து அந்தப் பூனைக்கு மட்டும் மூடி திறக்கும் கிண்ணங்கள் உண்டு, வசதி இருந்தால் நிம்மதி.

வயதான பூனை திடீரென்று நிறையத் தண்ணீர் குடிக்கிறது. நல்ல விஷயம்தானே?

இல்லை. உணவு மாறாமல் தாகம் மட்டும் கூடினால் சிறுநீரக நோய், சர்க்கரை, தைராய்டு மூன்றில் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். தண்ணீரைக் குறைக்காதீர்கள், பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.

அடைப்பு எடுத்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். இனி எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் ஒரு வாரம்தான் மறுபடி அடைக்கும் ஆபத்து அதிகம். அந்த வாரம் அவனுக்கென்று தனித் தட்டு வைத்து, மற்றப் பூனைகள் அதில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எந்தக் கட்டி யாருடையது என்று தெரியாது. கட்டிப்படும் மணலாக இருந்தால் எண்ணுவது சுலபம். சாதாரணமாக ஒரு பூனை நாளுக்கு இரண்டு முதல் நான்கு தடவை போகும், கட்டி எலுமிச்சை அளவாவது இருக்கும். பட்டாணி பட்டாணியாகப் பத்துக் கட்டி கிடந்தால் உடனே போன் செய்யுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் போன் செய்துகொண்டே கிளம்புங்கள். இளஞ்சிவப்பு நிறம் சில நாள் இருக்கலாம், வெள்ளைக் காகிதத்தில் ஒற்றிப் பார்த்தால் நாளுக்கு நாள் வெளுத்து வருவது தெரியும்.

உணவு மாற்றத்தை மருத்துவமனையிலேயே தொடங்க வேண்டாம். வலியும் பயமுமாக இருக்கும்போது புதிய உணவை வைத்தால், அந்த வாசனையையே பிறகு வெறுத்துவிடும். வீட்டுக்கு வந்து, பழைய இடத்தில் சுருண்டு படுத்து, முதல் தடவை நிம்மதியாக உடம்பை நக்கிக்கொள்ளும் வரை பொறுங்கள். எங்கள் ஆரஞ்சுக்காரன் அதற்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டான். நான்காம் நாள் காலை தட்டில் எலுமிச்சை அளவுக் கட்டி இரண்டு கிடந்தன. அவற்றைப் படம் பிடித்து அந்த மருத்துவருக்கு அனுப்பினேன்.